ஐந்தாவது காண்டூர்

மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னையின் மீன் கடைகளைக் காப்பாற்றுவது கட்லாவும் ரோகுவும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சிரம் விலை கேட்டாலே தலை சுற்றும். அப்போது ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கும் பெரிய செதில் மீன்களைக் காட்டி, எங்கள் பகுதிக் கடைக்காரர் "ஆந்திரா ஏரி மீன் சார், நேத்து ராத்திரி ஏத்தினது" என்பார். எந்த ஏரி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கைகலூரு, ஆகிவீடு, பீமவரம் என்று லாரி கிளம்பிய ஊர்களின் பெயர்களை மட்டும் சொல்வார்.

வரைபடத்தில் அந்த மூன்று ஊர்களையும் தேடினால் கொல்லேருவின் தெற்கு, தென்கிழக்கு ஓரமாக வந்து நிற்பீர்கள். இந்தியாவின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று அது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் ஏரி என்று சொல்லும்படி ஒன்றும் சட்டென்று கண்ணில் படாது. செவ்வகம் செவ்வகமாக, பச்சையும் பழுப்புமாக, கட்டம் போட்ட துணியை விரித்ததுபோல் குளங்கள்தான் தெரியும். அவற்றுக்கு நடுவே மங்கலான பச்சைத் திட்டு ஒன்று. அதுதான் ஏரி, அல்லது ஏரியில் மிஞ்சியது.

செங்கல்பட்டு, சென்னை வழியாகக் காக்கிநாடா போகும் சர்க்கார் எக்ஸ்பிரஸ் விஜயவாடாவுக்குப் பிறகு பிரதான பாதையை விட்டுவிட்டு குடிவாடா, கைகலூரு, ஆகிவீடு என்று இந்தக் குளங்களின் ஓரமாகவே போகிறது. என் நண்பர் ஒருவரின் தாய்மாமா கைகலூரு பக்கம் மீன் வளர்க்கிறார். இளவயதில் சில வருடங்கள் சென்னையில் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். நண்பர் அவரை "மாவய்யா" என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். ஏரியைச் சுற்றிக் காட்டச் சொன்னபோது, "எந்த ஏரி பாபு? எல்லாமே ஏரிதான், எதுவுமே ஏரி இல்லை" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அங்கே நிலவரமே அதுதான்.

கொல்லேரு எப்படி உண்டானது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கிருஷ்ணாவும் கோதாவரியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, கடலைப் பின்னுக்குத் தள்ளித் தங்கள் கழிமுகங்களை வளர்த்தன. இரண்டு கழிமுகங்களும் இரு பக்கமும் வளர்ந்து முன்னேற, நடுவில் கடலோரமாக இருந்த ஒரு பள்ளம் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருகாலத்தில் கடலோடு சேர்ந்த காயலாக இருந்த இடம் என்பது புவியியலாளர்கள் கருத்து. இன்று கடலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் அதன் தரை கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. ஆழமும் பெரிதாகக் கிடையாது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம்.

மேற்கிலும் வடக்கிலும் உள்ள மேட்டு நிலத்திலிருந்து புடமேரு, தம்மிலேரு, ராமிலேரு, குண்டேரு என்று காட்டாறுகள் வந்து விழுகின்றன. இரண்டு கழிமுகங்களின் வயல்களில் பாய்ந்து முடிந்த நீர், அறுபதுக்கும் மேற்பட்ட வடிகால்கள் வழியாக வந்து சேர்கிறது. ஆர்தர் காட்டன் காலத்தில் 1852-இல் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையும், 1855-இல் விஜயவாடாவில் கிருஷ்ணா அணையும் முடிந்தபிறகு இந்த வடிகால் நீரும் ஏரிக்குச் சேர்ந்துகொண்டது. மொத்தத்தில் நாலாயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பெய்யும் மழை இங்கே வருகிறது. வெளியே போக இருப்பது ஒரே வழி, உப்புட்டேரு. அறுபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போய் வங்காள விரிகுடாவில் சேரும் ஒரு சோம்பேறி ஆறு. சரிவே இல்லாத தரையில் அது வேகமாக ஓட வழியில்லை. அலை ஏறும் நேரத்தில் கடல் தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். ஆற்றின் பெயரிலேயே உப்பு ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

பல வாசல் வழியாக உள்ளே வரும் தண்ணீர் ஒரே ஒரு சின்னக் கதவு வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அதுவரை தங்க இடம் வேண்டும். கொல்லேருவின் வேலையே அந்த இடத்தைக் கொடுப்பதுதான். மழைக்காலத்தில் பரந்து விரியும், கோடையில் சுருங்கும். சாப்பிட்டால் உப்பவும் பசித்தால் ஒட்டவும் தெரிந்த வயிறு மாதிரி. இந்த ஏரிக்குக் கரை என்று நிலையாக ஒன்று இருந்ததே இல்லை. பின்னால் வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் ஆணிவேர் இதில் இருக்கிறது.

கரை இல்லாததை அளக்க அங்கே 'காண்டூர்' என்று சொல்கிறார்கள். டீக்கடையில்கூட இந்தச் சொல் சர்வசாதாரணமாக வந்து விழுகிறது. கடல் மட்டத்துக்கு மேலே 3 அடி உயரம் உள்ள இடங்களை இணைத்துக் கோடு போட்டால் மூன்றாவது காண்டூர், 5 அடிக்குப் போட்டால் ஐந்தாவது காண்டூர். மூன்றாவது வரை தண்ணீர் நின்றால் ஏரியின் பரப்பு சுமார் 135 சதுர கிலோமீட்டர். ஐந்தாவது வரை நின்றால் 308. ஏழு அடியில் 675. பத்து அடியில் 901. இரண்டு அடி உயரத்தில், அதாவது முழங்கால் மேல் கொஞ்சம் கூடுதலான தண்ணீரில், ஏரி இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. நிலம் அவ்வளவு தட்டை. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அடி என்பது ஒரு சர்க்காரையே ஆட்டக்கூடிய விஷயம்.

மாவய்யா என்னை முதலில் கூட்டிப்போனது கொல்லேட்டிகோட்டைக்கு. ஏரிக்குள் இருக்கும் மேட்டில் பெத்திண்ட்லம்மா கோயில். பங்குனியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு ஏரி கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். கோட்டையைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஒட்டர நாட்டு, அதாவது ஒடிசாவின், கஜபதி அரசன் ஒருவனின் கோட்டை இங்கே நடுத்தண்ணீரில் இருந்ததாம். கரையில் பாளையம் இறங்கிய எதிரிப் படையால் நெருங்க முடியவில்லை. கடைசியில் எதிரித் தளபதி ஏரியிலிருந்து கடலை நோக்கிக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தானாம், அதுதான் உப்புட்டேரு ஆனதாம். கால்வாய் பலிக்க வேண்டும் என்று தன் மகளையே பலி கொடுத்தான் என்றும் சொல்கிறார்கள். வரலாறா என்று கேட்காதீர்கள், கதைதான். ஆனால் இந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு ஏரியின் கழுத்து எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

சோழர் வரலாறு படித்தவர்களுக்கு இந்த இடம் வேறு வழியிலும் தெரிந்திருக்கும். விக்கிரம சோழன் பட்டத்துக்கு வருமுன் வேங்கி நாட்டை ஆண்டுகொண்டிருந்தபோது தெலுங்க வீமன் என்பவனை விரட்டியதாக அவனுடைய மெய்க்கீர்த்தி பாடுகிறது. அந்த வீமன் ஆண்ட 'குளம்' கொல்லேருவை ஒட்டிய பகுதிதான் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் அடையாளம். வேங்கியின் தலைநகரம் இருந்த பெதவேகியும் ஏலூருவிலிருந்து பக்கம்தான். மாவய்யாவிடம் இதைச் சொன்னேன். "அப்பவும் சண்டையா?" என்றதோடு சரி.

ஏரிக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன. மேடான திட்டுகளில் அமைந்தவற்றைப் படுகை கிராமங்கள் என்கிறார்கள், 46 ஊர்கள். ஏரியைச் சுற்றி இருப்பவை இன்னும் 76. குடிவாகலங்க, பெனுமாகலங்க என்று பல ஊர்களின் பெயர் 'லங்க' என்று முடியும், தீவு என்று பொருள். இந்தப் படுகையில் பெரும்பாலும் வட்டி என்ற மீனவ சமூகத்தினரும் தலித்துகளும் வாழ்கிறார்கள். பனைமரத்தைப் பிளந்து குடைந்த தோணியில் போய், மூங்கில் கூடு வைத்தும் வலை வீசியும் விரால், கெளுத்தி, கெண்டை பிடிப்பதுதான் பரம்பரைத் தொழில். கோடையில் ஏரி பின்வாங்கும்போது வெளியே வரும் சேற்று நிலத்தில் நெல் போடுவார்கள். தண்ணீர் சீக்கிரம் வந்தால் நெல் போச்சு, தாமதமாக வந்தால் மீன் போச்சு. வளமான ஏரி, வறுமையான ஊர்கள்.

1970-களின் நடுவில் ஜலகம் வெங்கள ராவ் முதலமைச்சராக இருந்தபோது இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அரசு நினைத்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, ஏரிக்குள்ளேயே கரை கட்டிய மீன் குளங்களை வெட்டிக் கொடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொல்லேருவை ஆக்கிரமித்தவர்கள் என்று பின்னாளில் எழுதப்பட்ட ஒவ்வொரு செய்தியிலும் ஆரம்பப் பத்தி இல்லாமல் போய்விட்டது. ஏரிக்குள் முதல் கரையை எழுப்பிக் காட்டியது சர்க்கார்தான்.

நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் மீன் குளம் நடத்த முதல் வேண்டும். குஞ்சு வாங்க, தீவனம் போட, என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்க, ஒரு வருடம் காத்திருக்கக் காசு வேண்டும். சங்கத்தில் இருந்தவர்களிடம் அது இல்லை. வெளியில் நெல்லும் கரும்பும் விற்றுப் பணம் பார்த்தவர்களிடம் இருந்தது. குளங்கள் குத்தகைக்குப் போயின. சொந்தக்காரன் பெயரளவுக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டு தன் குளத்திலேயே கூலிக்கு வலை இழுத்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குத்தகைக்காரர்கள் சங்கக் குளங்களோடு நிற்காமல் பக்கத்துத் தண்ணீரையும் வளைக்க ஆரம்பித்தார்கள். பொக்லைன் வந்தபிறகு ஒரு கரையை எழுப்ப வாரக்கணக்கில் ஆள் வைத்து வெட்ட வேண்டிய அவசியமும் போய்விட்டது.

குளங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை மாவய்யா பொறுமையாக விளக்கினார். தரையிலிருந்தே மண்ணை வெட்டி நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரை போடுகிறார்கள். உள்ளே ஐந்தாறு அடித் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். விடுவது பெரும்பாலும் ரோகு, கொஞ்சம் கட்லா. சின்னக் குஞ்சுகளை நேரடியாக விடுவதில்லை. நெருக்கமான ஒரு குளத்தில் அரைவயிற்றுக்குப் போட்டு வளர்ச்சியை நிறுத்தி வைப்பார்கள். பிறகு பெரிய குளத்துக்கு மாற்றித் தீவனம் கொடுத்தால் அது மளமளவென்று வளரும். எண்ணெய் எடுத்த தவிட்டைத் துளை போட்ட சாக்குகளில் நிரப்பி, வரிசையாக நட்ட மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் வந்து சாக்கை முட்டி முட்டித் தின்னும். இந்தச் சாக்குத் தீவன முறை இந்தப் பகுதிக்காரர்களே கண்டுபிடித்தது. தண்ணீரில் பாசி பிடிக்கக் கோழிக்கழிவும் சூப்பர் பாஸ்பேட்டும் கொட்டுவார்கள். ஒரு வருடத்தில் கிலோவுக்கு மேல் எடை வந்ததும் பிடித்து, ஐஸ் அடுக்கி, ஹௌராவுக்கும் அஸ்ஸாமுக்கும் லாரி கிளம்பும். வங்காளிகளுக்கு ரோகு இல்லாமல் சோறு இறங்காது. மிச்சம் தெற்கே நமக்கு. நான் கேட்டுக்கொண்டிருந்தவரை அதில் சாமர்த்தியம்தான் தெரிந்தது. தங்கள் தொழிலை இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தவர்களை வில்லன்களாக வைத்து எழுதுவது எனக்குச் சுலபமாக வரவில்லை.

சரி, இதில் ஏரிக்கு என்ன கெடுதல்? தண்ணீர்தானே நிற்கிறது, மீன்தானே இருக்கிறது, கட்டடமா கட்டினார்கள் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பார்வைக்கு நியாயமான கேள்வி. கொல்லேருவின் சிக்கலே பார்வைக்கு அது நன்றாக இருப்பதுதான். வறண்டுபோன ஏரி என்றால் வெடித்த தரையைப் படம் பிடித்துப் போடலாம். இங்கே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர் பளபளக்கிறது.

ஆனால் மீன் குளத்துக்கு வேண்டியது மாறாத தண்ணீர். ஏரி உயிரோடு இருக்க வேண்டுமானால் தண்ணீர் ஏறவும் இறங்கவும் வேண்டும். வெள்ளம் வரும் மாதங்களில் குளங்கள் ஏற்கனவே நிரம்பி இருக்கின்றன, புதிதாக ஒரு சொட்டு வாங்காது. கரைகள் குறுக்கே நிற்பதால் புடமேருவும் தம்மிலேருவும் கொண்டுவரும் நீர் உப்புட்டேருவுக்குப் போகச் சந்து பொந்து தேடுகிறது. மழை இல்லாத மாதங்களில் மிச்ச ஏரியிலிருந்து என்ஜின் வைத்துக் குளத்துக்கு இறைக்கிறார்கள். ஏரி மட்டம் இறங்கினால் உப்புட்டேரு வழியாகக் கடல் தண்ணீர் மேலேறுகிறது. அறுவடையின்போது குளத்துக் கழிவு நீர் வடிகாலுக்குப் போகிறது, வடிகால் ஏரிக்குப் போகிறது. இதற்கு மேல் விஜயவாடா, குடிவாடா, ஏலூரு நகரங்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும், வயல்களின் உரமும் பூச்சிமருந்தும். உரம் தின்று கொழுத்த ஆகாயத்தாமரை மிச்சத் தண்ணீரை மூடுகிறது. மழையில் புதிதாக மூழ்கும் விளிம்புப் புல்வெளியில்தான் விராலும் கெளுத்தியும் முட்டையிடும். விளிம்பு முழுக்கக் கரை ஆனால் அவை எங்கே போகும்?

2001 பிப்ரவரி 9 அன்று எடுத்த செயற்கைக்கோள் படத்தை ஆய்வாளர்கள் பார்த்தபோது, அவர்கள் ஏரியாகக் கணக்கிட்ட 245 சதுர கிலோமீட்டரில் சுமார் 42 சதவீதம் மீன் குளங்களாக இருந்தது. 1,050 குளங்கள், வற்றிக் கிடந்தவை 38, எல்லாம் சேர்த்து 103 சதுர கிலோமீட்டர். இன்னொரு எட்டரை சதவீதம் வயல். மிச்சம் இருந்த இடத்திலும் களையும் நாணலும்தான் தெரிந்தனவே தவிர, தெளிந்த நீர் என்று எதுவும் தெரியவில்லை. அரசு 1999-இலேயே ஐந்தாவது காண்டூர் வரை 308 சதுர கிலோமீட்டரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்திருந்தது. 2002 ஆகஸ்டில், பத்தாவது காண்டூர் கணக்குப்படி 90,100 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காகிதத்தில் ஏரி பெரிதாகிக்கொண்டே போன காலம் அது.

ஏரிக்காக நீதிமன்றப் படி ஏறியவர்களில் ஒருவர் ராஜமுந்திரியைச் சேர்ந்த தல்லாவஜ்ஜல பதஞ்சலி சாஸ்திரி. நல்ல சிறுகதை எழுத்தாளர், பின்னாளில் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். 2001-இல் உயர் நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது அவர் தொடுத்த வழக்கில்தான். தீர்ப்பு வந்ததும் ஒன்றும் நடந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்து, 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற உத்தரவும் வந்த பிறகே அரசு இறங்கியது. அப்போது முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி. 'ஆபரேஷன் கொல்லேரு' என்று பெயர் வைத்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன்கள் வந்தன. சில இடங்களில் வெடி வைத்துக் கரையைத் தகர்த்தார்கள்.

மாவய்யா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது குரல் உயரவில்லை. "சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும் பாபு. ஒவ்வொரு சத்தத்துக்கும் யாரோட குளம்னு கணக்கு போடுவோம். பெரிய ஆளுங்க முன்னாடியே மீனைப் பிடிச்சு வித்துட்டாங்க. சின்ன ஆளுங்களுக்கு மீனும் போச்சு, கடனும் நின்னுச்சு" என்றார்.

அந்த நடவடிக்கை சட்டப்படி சரி, ஏரிக்கும் அவசியம் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் அதைச் செய்த விதத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பல இடங்களில் கரையை உடைத்தார்களே ஒழிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்தவில்லை. உடைந்த கரையை ஒட்ட வைக்க எத்தனை நாள் ஆகும்? இரண்டு, சங்கக் குளத்தை இழந்த படுகை கிராமத்தவர்களுக்குப் பழைய தொழிலுக்குத் திரும்பப் பழைய ஏரி இல்லை. முப்பது வருடம் கூலிக்கு வலை இழுத்தவர்களிடம் இனி சுதந்திரமாக மீன் பிடி என்றால் எதைப் பிடிப்பது? நிவாரணம் என்று அறிவித்தவை எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சில வருடங்களில் குளங்கள் மெல்லத் திரும்பி வந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை.

அடுத்து அரசியல் கண்டுபிடித்த வழி எல்லாவற்றையும்விடச் சுலபமானது. கரையை நகர்த்த வேண்டாம், எல்லைக் கோட்டை நகர்த்திவிடலாம். சரணாலய எல்லையை ஐந்தாவது காண்டூரிலிருந்து மூன்றாவதுக்குக் குறைக்க வேண்டும் என்று 2008-இல் ஆந்திர சட்டசபை தீர்மானம் போட்டது. 308 சதுர கிலோமீட்டர் 135 ஆகிவிடும், இடையில் உள்ள குளங்கள் எல்லாம் ஒரே நாளில் சட்டப்படியானவை ஆகிவிடும். கட்சி வித்தியாசம் இல்லாமல் ஒத்துப்போனார்கள். கொல்லேரு விஷயத்தில் எதிர்க்கட்சி என்று ஒன்று அங்கே இருந்ததில்லை. மத்திய அரசு இதை ஆராய, நம் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் பி.ஏ. அஜீஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஐந்தாவது காண்டூர் அப்படியே இருக்கட்டும் என்றது குழு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றாவது காண்டூர் வாக்குறுதி தவறாமல் வருகிறது.

எல்லையைக் குறைக்கக் கேட்பவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைத்து எழுதக்கூடாது. ஐந்தாவது காண்டூருக்குள் சுமார் 15 ஆயிரம் ஏக்கர் தனியார் பட்டா நிலம். ஜிராயிதி என்கிறார்கள். பரம்பரையாகக் கையில் உள்ள நிலம், வரி கட்டிய ரசீது இருக்கிறது. சரணாலயம் அறிவித்த பிறகு அதை விற்கவும் முடியாது, குளம் வெட்டவும் முடியாது. இழப்பீடும் கிடைக்கவில்லை. ஏரி வேண்டும் என்றால் நிலத்துக்குக் காசு கொடுத்து வாங்குங்கள் என்று அவர்கள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரிந்து நேர்மையான தீர்வு அது ஒன்றுதான். ஆனால் எல்லைக் கோட்டை நகர்த்தக் காசு செலவாகாது, நிலத்தை வாங்கச் செலவாகும்.

பறவைகள் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1946-இல் கே.கே. நீலகண்டன், மலையாளத்தில் இந்துசூடன் என்ற பெயரில் எழுதியவர், கொல்லேரு பக்கம் ஆரேடு என்ற ஊரில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். மூவாயிரத்தை ஒட்டிய பறவைகள். 1974 வாக்கில் அந்தக் குடியிருப்பு காலியானது. இப்போது கூழைக்கடாவைப் பார்க்க கைகலூரு பக்கம் ஆட்டபாகவுக்குப் போகவேண்டும். கூடு கட்ட மரம் போதாததால் வனத்துறை தண்ணீருக்குள் இரும்புச் சட்டங்களை நட்டு மேடை போட்டிருக்கிறது. அவற்றின் மேல் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அடுக்கடுக்காகக் குடும்பம் நடத்துகின்றன. நல்ல கூட்டம். இவ்வளவு பறவைகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து என்று கேட்டேன். மாவய்யா சிரித்துவிட்டார். "எங்க குளத்துலதான். பட்டாசு வெடிச்சு விரட்ட ஆள் போட்டிருக்கோம். அவருக்கும் சம்பளம், கூழைக்கடாவுக்கும் சாப்பாடு." பறவை எண்ணிக்கையை வைத்து ஏரியின் ஆரோக்கியத்தைக் கணிக்கும் கட்டுரைகளை அதன் பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கிறேன். பெரிய மீன் தின்னும் கூழைக்கடா நன்றாக இருப்பதால், நாணலுக்குள் வாழும் சின்னப் பறவைகளும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

2024 செப்டம்பர் முதல் நாள் புடமேரு உடைத்துக்கொண்டு விஜயவாடாவின் வடபகுதி மூழ்கியது நினைவிருக்கும். சிங்நகர் பக்கம் மொட்டை மாடிகளில் மக்கள் நாள்கணக்கில் நின்றார்கள். அந்த வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. நகருக்குள் புடமேருவின் பாதையையே வீடுகள் அடைத்திருந்தன, கரைகள் பலவீனமாக இருந்தன. தொலைக்காட்சிகள் விஜயவாடாவோடு நின்றுவிட்டன. அந்தத் தண்ணீர் கீழே கொல்லேருவுக்குத்தான் போயாக வேண்டும். போனது. ஏலூரு–கைகலூரு சாலை மூழ்கிப் போக்குவரத்து நின்றது. படுகை கிராமங்கள் நிஜமாகவே லங்கைகள் ஆயின. ஏரி தன் பழைய அளவை எடுத்துக்கொள்ள வந்தபோது அங்கே சாலையும் குளமும் வீடும் இருந்தன.

சுற்றிலும் தண்ணீர் இருந்தும் படுகை கிராமங்களில் குடிநீர் கேனில்தான் வருகிறது. இது வெள்ள காலத்துக் கதை கிடையாது, எல்லா நாளும் அப்படித்தான். மாவய்யாவின் தலைமுறை ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. இப்போது அதில் கை கால் கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை கழுவுகிறார்கள்.

கடல் தண்ணீர் ஏறாமல் தடுக்க உப்புட்டேருவின் குறுக்கே ரெகுலேட்டர்கள், அதாவது ஷட்டர் வைத்த தடுப்புகள், கட்டும் பேச்சு நீண்ட நாளாக இருக்கிறது. கட்டினால் கோடையிலும் ஏரியில் நன்னீர் நிற்கும், உப்பு குறையும், ஐந்தாவது காண்டூர் வரை தண்ணீரைப் பிடிக்கலாம் என்கிறார்கள். கூடவே ஆற்றைத் தூர்வார வேண்டும், வெள்ளத்தில் ஷட்டர்களைச் சரியான நேரத்தில் தூக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கும் ஊர்கள் கதி அதோகதி. ரயிலுக்கு நேரம் இருந்ததால் கைகலூரு ஸ்டேஷன் டீக்கடையில் மாவய்யாவிடம் இதைக் கேட்டேன்.

"கட்டணும் பாபு. கண்டிப்பா கட்டணும். தண்ணி உப்பாயிடுச்சுன்னா ரோகு வளராது."

"கட்டி, அஞ்சாவது காண்டூர் வரைக்கும் தண்ணி நிறுத்தினா உங்க குளம் என்ன ஆகும் மாவய்யா?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "முங்கும்" என்றார். அப்புறம், "நாலாவது வரைக்கும் நிறுத்தினா பரவாயில்லை."